இராத்திரி வேலையும் உடம்புச் சூடும்

பினாங்கில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்தும் பிள்ளை தங்கவில்லை. அவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வட்டாரத்தில் வேலை செய்பவள். இவ்வளவு தெரிந்தால் போதும், தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "நைட் ஷிப்ட் போற பொண்ணு, உடம்பெல்லாம் சூடு, எங்கேருந்து தங்கும்?" மாமியார்கள் மட்டும் இப்படிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கோயில் மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதும் பேசுகிறார்கள். மகளிர் தினக் கருத்தரங்கில் மைக்கைப் பிடித்தவர் இதையே கொஞ்சம் நாகரிகமான தமிழில் சொல்கிறார்: பெண்ணுடலின் இயற்கை இரவு வேலைக்கு ஒத்துவராது, பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2023இல் சட்டத்திலிருந்து எடுத்தது தவறு. செயற்கை வெளிச்சம், மெலட்டோனின், ஹார்மோன் என்று நாலு சொல் வந்து சேர்ந்துகொண்டதில் பழைய பேச்சுக்கு விஞ்ஞான முத்திரையும் விழுந்துவிட்டது.

இரவு வேலை மாதவிலக்கையும் கர்ப்பத்தையும் பாதிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆதாரம் இருக்கிறது, சொல்கிறேன். அந்த ஆதாரத்தைப் படியாக வைத்து இவர்கள் ஏறி நிற்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். பெண்ணுக்கு இரவு ஆகாது, ஆகவே பெண்ணை அப்புறப்படுத்து என்கிறார்கள். ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால், கெடுதலின் அளவைத் தீர்மானிப்பது ஷிப்ட் அட்டவணை என்பது தெரிகிறது. அட்டவணை ஆபீசில் உட்கார்ந்து ஒருவர் போடுவது. அவர் மாற்றியும் போடலாம்.

முதலில், பெண்ணின் இயற்கை என்று பேசுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் இரவு 9 மணிக்கு நுழைந்து காலை 7 மணிக்கு வெளியே வரும் தாதியிடம், "உனக்கு இது ஆகாதம்மா, வீட்டுக்குப் போ" என்று யாராவது சொன்னதுண்டா? மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் அவளைத்தான் தேடுகிறோம். அவள் கர்ப்பப்பை என்ன ஆகும் என்று சமுதாயத் தலைவர் எவரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. இன்னும் பின்னால் போவோம். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் எப்போது எழுந்தார்கள்? விடியற்காலைக்கு வெகு முன்பே. விடியுமுன் மரத்தின் நாளங்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்பதால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பும் இருட்டிலேயே நடந்தது. சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். வயிற்றில் பிள்ளையோடு போனவர்கள் எத்தனையோ பேர். அந்த நெற்றி விளக்கும் செயற்கை வெளிச்சம்தான். அப்போது யாருக்கும் இயற்கை ஞாபகம் வரவில்லை, தோட்டத்துக்குக் கை தேவைப்பட்டது. பெண் இரவில் சம்பாதித்துத் தன் பெயரில் கார் வாங்கத் தொடங்கியபோதுதான் இயற்கை நினைவுக்கு வந்தது என்பது என் சந்தேகம்.

சட்டத்துக்கு வருவோம். தடை இருந்த காலத்தில் பெண்கள் காப்பாற்றப்பட்டார்கள், தடை போனதும் கைவிடப்பட்டார்கள் என்ற கதை அடிப்படையிலேயே பிழை.

பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யக் கூடாது என்ற விதி நம் ஊர்ச் சரக்கில்லை. ஐரோப்பிய அரசுகள் 1906இல் பெர்ன் நகரில் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. 1919இல் பிறந்த அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு முதல் ஆண்டிலேயே அதைத் தன் நான்காவது உடன்படிக்கையாக்கியது. அங்கிருந்து காலனிகளின் சட்டப் புத்தகங்களுக்கு வந்தது. நம்முடைய 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில்துறையிலும் விவசாயத்திலும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. ஆஸ்பத்திரி அதில் அடங்காது, அதனால்தான் தாதியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தொழில்துறைக்கும் கதவு திறந்தே இருந்தது: தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு கொடுக்கலாம். 1970இல் பெண் ஷிப்ட் தொழிலாளர்களுக்கென்றே தனி ஒழுங்குவிதிகள் வந்தன. 1971இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம். 1972இல், துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, பாயான் லெப்பாஸ் வட்டாரம் திறந்தது. இன்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், லிட்ரானிக்ஸ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலைக்கு அவர்கள் எடுத்ததில் பெரும்பகுதி இளம்பெண்கள். இயந்திரம் நிற்கக் கூடாது, ஆகவே மூன்று ஷிப்ட். அதாவது, சட்டப் புத்தகத்தில் தடை அப்படியே இருக்க, ஐம்பது ஆண்டுகள் கம்பெனி பஸ் இரவு பத்தரைக்குத் தெருமுனையில் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஜனவரி 1 முதல் 34ஆம் பிரிவு இல்லை. பெண்ணுரிமைக்காரர்கள் சிலர் மகிழ்ந்தார்கள், பழமைக்காரர்கள் வருந்தினார்கள். இரு தரப்பும் அந்தப் பிரிவின் இரண்டாம் பாதியைப் படித்ததாகத் தெரியவில்லை. இரவுத் தடைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது: ஒரு பெண் அன்றைய வேலையைத் தொடங்குமுன் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். உடம்புக்கு உண்மையில் உதவக்கூடிய விதி அது ஒன்றுதான். தடையோடு அதுவும் போய்விட்டது. போனதைத் திருப்பி எழுதி, ஆண் பெண் எல்லாருக்கும் 11 மணி நேரம் என்று வைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. தடையைத் திரும்பக் கொண்டுவா என்று முழங்குகிறவர்கள் இந்த 11 மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர்கள் அக்கறையை நான் நம்பியிருப்பேன்.

தடையைத் தூக்கிய நாடுகள் வேறும் உண்டு. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1992இலேயே பெண் தொழிலாளர்களுக்கு மட்டுமான இரவுத் தடையை ரத்து செய்தது. தமிழ்நாட்டில், ஆலைப் பெண்கள் தொடுத்த வழக்கில், இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இருந்த இதே போன்ற தடையை மெட்ராஸ் உயர்நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை என்று நிபந்தனைகளையும் விதித்தது. தடை போகும் இடத்தில் வேறொன்று வர வேண்டும் என்பது அங்கே புரிந்திருந்தது.

இனி ஆதாரம். இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வரும் செய்தி "இரவுப் பணியால் மலட்டுத்தன்மை" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிக நுணுக்கமான கணக்கு டென்மார்க்கில் 2019இல் வெளிவந்தது. பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஊழியர்களான 22,744 கர்ப்பிணிகள். எத்தனை இரவு வேலை செய்தாய் என்று பிறகு கேட்டு எழுதிய கணக்கு இல்லை. சம்பளப் பதிவிலிருந்து நாள்வாரியாக எடுத்தது. கரு கலைந்தவருக்கு ஞாபகம் ஒரு மாதிரி வேலை செய்யும், கலையாதவருக்கு வேறு மாதிரி. சம்பளப் பதிவுக்கு அந்தக் கோளாறு கிடையாது. ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு, கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரம் கரு கலையும் வாய்ப்பு இரவு வேலை செய்யாதவர்களைவிட 32 விழுக்காடு கூடியிருந்தது. மொத்த இரவுகள் ஏற ஏற ஆபத்தும் ஏறியது. நூறு பேரில் 32 பேருக்குக் கரு கலைகிறது என்று இதைப் படிக்கக் கூடாது. எட்டு வாரம் தாண்டிய கர்ப்பத்தில் ஒரு வாரத்துக்குள் கலையும் வாய்ப்பு சிறியது. அந்தச் சிறிய எண்தான் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எட்டு வாரத்துக்கு முன்னால் கலைபவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைபவை. எந்த ஷிப்டாக இருந்தாலும் கலைந்திருக்கும்.

பெண்ணின் இயற்கைதான் காரணம் என்றால் ஓர் இரவு, ஐந்து இரவு என்ற கணக்கெல்லாம் பொருட்டாக இருக்கக் கூடாது. இருக்கிறது. அதே டென்மார்க்கில் ஆய்வாளர்கள் 2020இல் தந்த பரிந்துரை பெண்களை இரவிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம், இரண்டு ஷிப்டுக்கு நடுவே 11 மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி, ஒரு ஷிப்ட் 9 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, கர்ப்பிணிக்கு வாரத்தில் ஓர் இரவுக்கு மேல் கூடாது. இவ்வளவுதான். நம் சட்டத்தில் ஷிப்ட் தொழிலாளி ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஓ.டி. மாதம் 104 மணி நேரம் வரை போகலாம்.

வேறு ஆய்வுகளும் இதையே வேறு வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. 62 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வந்த ஒரு தொகுப்பில், நிலையாக இரவில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் கூடுதல். சுழல் ஷிப்டில் இருப்பவர்களுக்கோ கர்ப்பகால இரத்த அழுத்த நோயின் கடுமையான வடிவம் கணிசமாகக் கூடுதல். உடம்பு ஒன்றுதான், அட்டவணை மாறினால் வியாதி மாறுகிறது. மாதவிலக்கைப் பொறுத்தவரை, 2014இல் ஒரு லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துத் திரட்டிய கணக்கில், ஷிப்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு ஒழுங்கு தவறியிருந்தது. ஷிப்டில் இல்லாதவர்களில் பதின்மூன்று பேருக்கு. அந்தப் பதின்மூன்று பேர் எந்த ஷிப்டுக்கும் போகாதவர்கள் என்பதை மாமியார்கள் கவனிக்க வேண்டும். குழந்தையின்மைக்கு வந்தால் ஆதாரம் இன்னும் மெலிகிறது: அதே தொகுப்பில் மற்ற காரணங்களைக் கழித்ததும் வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. அமெரிக்கத் தாதியர் இடையே 2015இல் நடந்த ஆய்வில், கருத்தரிப்பைத் தாமதப்படுத்தியது பாரம் தூக்குவதும் நீண்ட நேர வேலையும்; இரவு ஷிப்டுக்குத் தொடர்பு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020இல் வந்த ஒன்று மறுபக்கம் சாய்கிறது. இரவு வேலை செய்த இளம்பெண்கள் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அதிகம் போயிருந்தார்கள். ஆக, கருத்தரிப்பில் வழக்கு இன்னும் நடக்கிறது, கருச்சிதைவில் சாட்சி வலுவாக இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சு இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பிள்ளை தங்காததற்கு உடனே நைட் ஷிப்ட் காரணமாகிறது. அதே பெண் கர்ப்பமாகி நாலு இரவு தொடர்ந்து நிற்கும்போது யாரும் கேட்பதில்லை, "சம்பளம் வருதுல்ல."

பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு. அவரும் இரவு ஷிப்டில் இருக்கலாம். அவர் உடம்புச் சூட்டைப் பற்றி எந்த மண்டபத்திலும் பேசக் காணோம். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இரவு ஷிப்டைப் "பெரும்பாலும் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது" என்ற வரிசையில் 2007இல் வைத்து, 2019இல் மறுபடி உறுதி செய்தது. அங்கே சொன்ன உறுப்புகள் மார்பகம், பெருங்குடல், மலக்குடல், பிராஸ்டேட். பிராஸ்டேட் யாருக்கு இருக்கிறது?

வெளிச்சம் என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் இப்போது அதிகம் பேர் மயங்குகிறார்கள். விஷயம் உண்மை. விழித்திரையில் பார்வைக்கு உதவாத சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மை. அவை மூளையின் தலைமைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்ப, மெலட்டோனின் சுரப்பது நிற்கிறது. மெலட்டோனின் வெறும் தூக்க மருந்தல்ல. கருமுட்டை வளரும் பையின் திரவத்தில் அது இரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவாக இருக்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பகலா இரவா என்று அதுதான் சொல்கிறது. முட்டையை வெளியே தள்ளும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சியும் பெரும்பாலும் அதிகாலையில்தான் தொடங்குகிறது. வீட்டு விளக்கு அளவு வெளிச்சமே, 200 லக்ஸுக்குக் குறைவானதே, மெலட்டோனினை அடக்கப் போதும்.

சரி, ஆனால் பினாங்கில் இந்த வெளிச்சக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்றிலிருந்து நம் கடிகாரம் நம் சூரியனைவிட ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணிக்குப் பிறகுதான் உதிக்கிறது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரையிலான பகல் ஷிப்டுக்குப் போகிறவள் இருட்டில் பஸ் ஏறி, ஜன்னலில்லாத தளத்தில் நின்று, வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கிறது. வேலை நாளில் அவள் மீது வெயிலே படுவதில்லை. பகலில் நல்ல வெளிச்சம் படாத கண்ணுக்கு இரவு வெளிச்சம் இன்னும் உறைக்கும் என்பதும் தெரிந்த விஷயம். 'இயற்கையான' பகல் ஷிப்டே இந்த லட்சணத்தில் இருக்கிறது.

இரவு ஷிப்ட் முடித்தவளைப் பாருங்கள். பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போகும் கம்பெனி பஸ் ஏழரை வாக்கில் பினாங்குப் பாலத்தில் ஏறுகிறது. பாலம் கிழக்கே போகிறது. பெருநிலத்து மலைக்கு மேல் அப்போதுதான் எழுந்த சூரியன் கண்ணாடி வழியே நேராக முகத்தில் அடிக்கிறது. பதிமூன்றரைக் கிலோமீட்டர் அப்படியே. தூங்கப் போகிற உடம்பின் கடிகாரத்தை அந்த வெயில் மறுபடி பகலுக்குத் திருப்பிவிடுகிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. பஸ் ஜன்னலுக்கு ஒரு திரை, இல்லையென்றால் இராத்திரிச் சந்தையில் விற்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

தொழிற்சாலைக்குள் வெளிச்சத்தை மாற்ற முடியாது என்பார்கள். சில்லில் படம் பதிக்கும் அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே எல்லாமே மஞ்சளாக இருக்கும், முகம், கையுறை, சுவர் எல்லாம். சில்லின் மேல் பூசும் ஃபோட்டோரெசிஸ்ட் நீல ஒளி பட்டால் கெட்டுவிடும் என்பதால் விளக்கிலிருந்து நீலத்தை நீக்கிவிட்டார்கள். ஒரு பூச்சுக்காக ஒரு அறையின் வெளிச்சத்தையே மாற்றத் தெரிந்த தொழில் இது. அந்த எட்டுப் பேரில் ஒருவரான லிட்ரானிக்ஸ் இங்கே செய்ய வந்ததே எல்.இ.டி. விளக்குகள், அது பிறகு சீமென்ஸ் கைக்குப் போய் ஓஸ்ராம் ஆயிற்று. இன்று உலகம் பயன்படுத்தும் வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு. எந்த நிறம் எவ்வளவு வேண்டும் என்று இந்தத் தீவுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதிகாலை 2 மணிக்கு மேல் ஓய்வறையிலும் நடைபாதையிலும் கேண்டீனிலும் விளக்கைத் தாழ்த்திச் சூடான நிறத்துக்கு மாற்று என்று சொன்னால், முடியாது என்று எந்த எஞ்சினியராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கம்பெனி மேல் மட்டும் பழி போட்டவனாவேன். இரவு முடித்துப் பகலில் தூங்குபவர்களின் தூக்கம் வழக்கத்தைவிட இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் குறைவு. நம் வீடுகளில் மருமகளாக இருந்தால் அதிலும் பிடித்தம். பசியாற யார் போடுவது, பிள்ளையை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, பதினொரு மணிக்கு மீன்காரர் ஹாரன் அடித்தால் யார் இறங்கிப் போவது? மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்தால் "பேசாதே, தம்பி தூங்குறான்" என்று டி.வி.யை அணைக்கும் அதே அம்மா, மருமகள் பன்னிரண்டு மணி வரை படுத்திருந்தால் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். இரவு வேலை பெண்ணுக்கு ஆகாது என்று அடித்துச் சொல்லும் வீடே அவள் பகல் தூக்கத்தைத் திருடுகிறது. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் ஓர் அறையில் கறுப்புத் துணியால் ஜன்னலை மூடி, கைப்பேசியை மௌனமாக்கி, ஆறு மணி நேரம் அவளைத் தொடாமல் விட்டால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் எல்லாக் குளிர்ச்சிப் பொடியையும்விட உடம்புக்கு நல்லது.

பழியை இரவின் மேல் போட்டுவிட்டால் வேறு ஏதோ ஒன்று தப்பிக்கொள்கிறது என்பதற்கு இதே தொழிலின் வரலாற்றில் பாடம் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டிஜிட்டல் என்ற கம்பெனியின் சில்லுத் தொழிற்சாலையில் பெண்களுக்குக் கருச்சிதைவு கூடியிருப்பது ஓர் ஆய்வில் தெரிந்தது. தொழில்துறையே பணம் போட்டுப் பெரிய ஆய்வுகளை நடத்தியது, ஐ.பி.எம். தனியாக நடத்தியது. 1992இல் வந்த முடிவுகள் கிளைகால் ஈதர் என்ற கரைப்பானை நோக்கிக் கை நீட்டின. அந்தக் கரைப்பானை விலக்கினார்கள். முதலில் சில இடங்களில் செய்ததோ, கர்ப்பிணிகளை அந்த லைனிலிருந்து வெளியே அனுப்பியது. அதே காலத்தில் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பேட்டரிக் கம்பெனி, ஈயம் படும் வேலைக்கு, பிள்ளை பெற முடியாது என்று மருத்துவச் சான்று தராத எந்தப் பெண்ணையும் எடுக்க மாட்டோம் என்றது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும், அவர்களை யாரும் விலக்கவில்லை. பெண்ணை வெளியேற்றினால் ஈயம் உள்ளேயே இருக்கும். இரவுத் தடை கேட்பவர்களின் தர்க்கம் இதே தர்க்கம்தான்.

மறு கோடியில் நிற்பவர்களையும் விட முடியாது. ஆணும் பெண்ணும் சமம், தடை போய்விட்டது, இனி கர்ப்பிணிக்குத் தனி விதி கேட்பது பாகுபாடு என்று மனிதவள ஆபீசில் சிலர் பேசுகிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டது: இரவு வேலை செய்யும் ஆண் பெண் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை, உடம்பு ஒத்துவராதவருக்கு மாற்று வேலை, கர்ப்பிணிக்குப் பிரசவத்தை ஒட்டிக் குறைந்தது 16 வாரம் இரவல்லாத வேலை, அதில் குறைந்தது 8 வாரம் பிரசவத்துக்கு முன். மலேசியா அதில் கையெழுத்திடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் கர்ப்பிணி இரவு வேலை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. நம் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது, கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கட்டுப்பாடு வைத்தது. நல்லது. ஆனால் விடுப்பு பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகான கணக்கு. பிறப்பதற்கு முந்தைய இரவுகளைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒன்றுமில்லை.

அட்டவணையைத் தொழிலாளிகள் பேசி மாற்றியிருக்கலாமே என்றால், பேச எங்கே விட்டார்கள்? 1970களிலிருந்து மின்னணுத் தொழிலாளர்களுக்குத் தேசியச் சங்கம் வைக்க அரசாங்கம் இடம் தரவில்லை. 1988இல் கம்பெனிக்குள் மட்டும் சங்கம் என்றார்கள். வட்டாரச் சங்கம் 2010இல்தான் வந்தது. எத்தனை இரவு தொடர்ந்து நிற்கலாம் என்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரு தரப்பு மட்டும் எழுதிய விஷயம்.

இன்று அந்த லைன்களில் நம் பெண்களைவிட இந்தோனேசிய, நேப்பாளப் பெண்கள் பல இடங்களில் அதிகம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் அந்தப் பெண் தகுதியற்றவள், ஊருக்கு அனுப்பப்படுவாள். பெண்ணின் தாய்மையைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த விதியையும் ஒரு நாள் கையிலெடுத்துப் பார்க்கட்டும். கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு தொடர் இரவுகள் நிற்கிறவளைவிட அதிக ஆபத்தில் இருப்பவள் யார்?

நம் பெண்களும் மறைக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது, கண்பட்டுவிடும் என்பது வீட்டு வழக்கம். டென்மார்க் கணக்கில் இரவுகள் உறைக்கத் தொடங்குவது எட்டாவது வாரத்துக்குப் பிறகு. சூப்பர்வைசரிடம் பன்னிரண்டாவது வாரம் சொன்னால் நான்கு வாரம் போய்விட்டது. வயிறு தெரிந்த பிறகு என்றால் எல்லாமே போய்விட்டது. ஆகவே சூப்பர்வைசருக்கோ லைன் லீடருக்கோ தெரியாமல் சொல்ல ஒரு வழி வேண்டும். கம்பெனி கிளினிக்கின் தாதியிடம் மட்டும் சொல்லி, காரணம் எழுதாத ஒரு சீட்டோடு பகல் ஷிப்டுக்கு மாறும் வழி. அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணியின் அட்டையில் ஆபத்துக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் குறிக்கிறார்கள். வாரத்தில் எத்தனை இரவு என்ற கேள்வியும் அந்த மதிப்பீட்டில் சேரட்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது ஷிப்ட் அலவன்ஸ். பகலுக்கு மாறினால் அது வெட்டுப்படும், கார்த் தவணை நிற்கும் என்பதால்தான் எனக்குத் தெரிந்த பெண்கள் ஆறாம் ஏழாம் மாதம் வரை இரவில் நின்றார்கள். கர்ப்பகாலத்தில் மாறுகிறவளுக்கு அந்தத் தொகை வெட்டுப்படக் கூடாது என்று அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லிச் சங்கம் கேட்கட்டும்.